மூன்றெழுத்துக்காரர்: புதூஹ் கதைகளை பைபிளோடு ஒட்டிப் படிப்பது எப்படி

பலஸ்தீனத்தில் ரோமத் தளபதியாக இருந்த அர்தபூனிடம் அவனுடைய ஆட்கள் கேட்கிறார்கள்: ஐலியாவை, அதாவது ஜெரூசலத்தை, இந்த முஸ்லிம் படைத்தலைவன் அம்ர் இப்னுல் ஆஸ் பிடித்துவிடுவானா? பிடிக்கப்போகிறவன் இவனல்ல, அவன் பெயர் மூன்றெழுத்து என்கிறான் அர்தபூன். ரோம பாஷை தெரிந்த ஓர் ஆள் அதைக் கேட்டுவந்து அம்ரிடம் சொல்ல, அம்ருக்கு உடனே விளங்கிவிடுகிறது. மதீனாவுக்குக் கடிதம் போகிறது. கலீபா உமர் (ரழி) புறப்பட்டு வருகிறார்.

தபரி என்ற பழைய வரலாற்றாசிரியரின் நூலில் உள்ள கதை. முதல் தடவை வாசித்தபோது தமிழில் எழுதி எண்ணிப் பார்த்தேன். உமர், மூன்றெழுத்து. அம்ர், அதுவும் மூன்றெழுத்து. பிறகு கதை எதில் நிற்கிறது? பத்திரிகையில் 31 வருடம் ஒப்புநோக்குநராக இருந்தவனுக்கு இப்படி ஒன்று இடறினால் நித்திரை வராது. மறுநாள் சுபஹு தொழுகை முடிந்ததும் மௌலவித் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு துண்டுக் கடதாசியில் இரண்டையும் அறபியில் எழுதிக் காட்டினார். உமருக்கு ஐன், மீம், றா. அம்ருக்கும் அதே மூன்றுதான். ஆனால் ஒன்றோடொன்று மாறிப்போகாமலிருக்க அம்ரின் கடைசியில் உச்சரிக்காத ஒரு வாவ் போடுவார்கள். ஓர் ஊமை எழுத்தால் ஜெரூசலத்தைத் தவறவிட்டார் அந்த மனிதர்!

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் அடுத்த கேள்வி வந்தது. கிரேக்கம் பேசிய ரோமத் தளபதி, அறபு எழுத்துக்கூட்டலில் ஏன் எண்ணினான்? அந்த வாவைக் கதைக்குள் வைத்தவர் அறபியில் எழுதத் தெரிந்த ஒருவர். அர்தபூனாக இருக்க முடியாது. ஆரம்ப கால முஸ்லிம்கள் ஊர்களைப் பிடித்ததைச் சொல்லும் புதூஹ் கதைகளைப் படிப்பதென்றால் என்னைப் பொறுத்தவரை அந்த வாவைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான். அதற்கு நாங்கள் கைக்கொள்ளும் வழியை எழுதித் தரச் சொல்லிப் பேத்தி கேட்டாள். உயர்தரத்தில் இஸ்லாமிய நாகரிகம் படிக்கிறாள். “அப்பா, பாடப் புத்தகத்துல வருஷமும் ஊரும்தான் இருக்கு, கதை இல்ல” என்பது அவளுடைய குறை. (எங்கள் வீட்டில் பாட்டனார்தான் அப்பா.)

நாங்கள் என்றால் இரண்டு பேர், சில நாட்களில் மூன்று. கொட்டாஞ்சேனையில் கிறிஸ்தவ சமயம் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர், மருதானையிலிருந்து போகும் நான், வசதிப்பட்டால் மௌலவித் தம்பி. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மாஸ்டர் வீட்டு விறாந்தையில் இருப்போம். மஃரிபுக்கு நான் எழும்புவேன்; அதற்கு முன்னரே புனித லூசியாள் பேராலய மணி கேட்டுவிடும்.

புதூஹ் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கத்தத்துக்குப் போய் ஃபாத்திஹா ஓதாத ஆள் எங்களில் கிடையாது. அந்தச் சொல்லின் வேர்தான் இது: திறத்தல். ஃபத்ஹ் என்றால் திறப்பு, அதன் பன்மை புதூஹ். ஊர்கள் விழுந்தன என்று அந்த எழுத்தாளர்கள் சொல்வதில்லை, திறக்கப்பட்டன என்பார்கள். றஸூலுல்லாஹ்வின், அதாவது முஹம்மது நபியின், காலத்துக்குப் பிறகு ஷாம் எனும் சிரியா-பலஸ்தீனப் பகுதி, இராக், எகிப்து, பாரசீகம் முஸ்லிம்கள் கைக்கு வந்த விதத்தைச் சொல்லும் நூல்களுக்கு இந்தப் பெயர். எகிப்துக்கு இப்னு அப்தில் ஹகம், 871இல் காலமானவர். எல்லா நாடுகளுக்குமாகச் சுருக்கி எழுதியவர் பலாதுரீ, 892. எல்லாவற்றையும் அள்ளிச் சேர்த்தவர் தபரி, 923. உமர் (ரழி) கொல்லப்பட்டு ஷஹீதானது 644இல். இந்த ஆண்டுகளைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இடைவெளி எவ்வளவு என்பது கண் முன்னால் இருக்கட்டும். (அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக என்பதன் சுருக்கம் ரழி. ஒவ்வொரு பெயருக்கும் போட்டால் பக்கம் நிறைந்துவிடும். வாசிப்பவர் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.)

இது எங்களுக்கு அந்நியமான சரக்கு அல்ல. சேகனாப் புலவர் தமிழிலேயே ‘புதூகுஷ்ஷாம்’ பாடி வைத்திருக்கிறார். படைப்போர் என்று ஒரு பிரபந்த வகையே எங்கள் புலவர்கள் உண்டாக்கினார்கள். மதிலும் முற்றுகையும் தமிழ்க் காதுக்குப் புதிதா என்ன?

இனி மேசையில் என்னென்ன வேண்டும்? குர்ஆன் தமிழாக்கம் ஒன்று. தபரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 40 தொகுதிகள். பயந்துவிடாதீர்கள், தொடங்குவதற்கு 12உம் 13உம் போதும். முதலாவதில் பாரசீகரோடு நடந்த காதிஸிய்யாப் போரும் ஷாமும், அடுத்ததில் இராக்கும் எகிப்தும். அறபு தெரிந்த ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருப்பது நல்லது. பைபிள் இரண்டு வேண்டும், ஒன்று போதாது. புரட்டஸ்தாந்து வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பும், கத்தோலிக்கரின் பொது மொழிபெயர்ப்பும் ஒரே புத்தகத்துக்கு வேறு வேறு பெயர் வைத்திருக்கின்றன. யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம். சங்கீதம் அங்கே திருப்பாடல்கள். நியாயாதிபதிகள் அங்கே நீதித் தலைவர்கள். இது தெரியாமல் நான் ஒரு பின்னேரம் முழுக்க நியாயாதிபதிகளைத் தேடினேன். மாஸ்டர் பக்கத்தில் இருந்து சிரித்தார். இரண்டு பைபிளும் மெக்கலம் வீதிப் பழைய புத்தகக் கடைகளில் அகப்படக்கூடியவை.

ஆட்பெயருக்கும் ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். தாலூத் என்றால் சவுல், ஜாலூத் என்றால் கோலியாத், யூஷஃ என்றால் யோசுவா, தானியால் என்றால் தானியேல், ஹாஜரா என்றால் ஆகார். மாஸ்டர் வீட்டில் தாத்தா என்றால் பாட்டனார், எங்கள் வீட்டில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. சொல் ஒன்று, ஆள் வேறு. இங்கே ஆள் ஒன்று, சொல் வேறு. ஆள் ஒன்றாக இருந்தாலும் கதை இடம்மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். குர்ஆனில் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவைத்துப் படையைச் சோதிப்பவர் தாலூத் (2:249). பைபிளில் அது கிதியோனுக்கு நடக்கிறது, முந்நூறு பேர் மிஞ்சுகிறார்கள் (நியாயாதிபதிகள் 7). பத்ர் போரில் நின்றவர்களின் எண்ணிக்கை தாலூத்தோடு ஆற்றைக் கடந்தவர்களின் எண்ணிக்கையே என்று புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் ஓர் அறிவிப்பு இருக்கிறது, முந்நூற்றுச் சொச்சம். முதல் போர்க்களத்திலேயே நபித்தோழர்களான ஸஹாபாக்கள் தங்களைப் பழைய வேதக் கதையோடு வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் வந்த புதூஹ் எழுத்தாளர்கள் புதிதாக ஒன்றையும் ஆரம்பித்துவிடவில்லை.

வேலை கொப்பியில்தான் நடக்கிறது. இடது பக்கத்தில் பைபிள் பகுதி, வலது பக்கத்தில் புதூஹ் பகுதி, இரண்டையும் கையால் எழுத வேண்டும். போட்டோக்கொப்பி எடுத்து ஒட்டினால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். கை எழுதினால்தான் சொல் தட்டுப்படும். பிறகு மூலப் பிரதியையும் அச்சுப் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்குவதுபோல வரிக்கு வரி போக வேண்டும். ஒத்துப்போகும் இடத்தில் மெல்லிய கோடு, மாறும் இடத்தில் சிவப்பு வட்டம். புதிதாகச் செய்கிறவர்கள் ஒத்துப்போகும் இடங்களைப் பார்த்துத்தான் துள்ளுவார்கள். எனக்குச் சம்பளம் தந்தது சிவப்பு வட்டம்.

திஜ்லா நதியில், அதாவது டைகிரிஸில், இறங்கிப் பார்ப்போம். ஸஃத் இப்னு அபீ வக்காஸின் படை பாரசீகத் தலைநகரான மதாயினுக்கு எதிர்க்கரையில் நிற்கிறது. ஆறு பெருகி ஓடுகிறது, தோணி இல்லை. குதிரைகளோடு அப்படியே இறங்கிவிடுகிறார்கள். பக்கத்தில் ஸல்மான் அல்-பாரிஸி. தரை இவர்களுக்கு வசப்பட்டதுபோலத் தண்ணீரும் வசப்பட்டிருக்கிறது என்கிறார். களைத்த குதிரைக்குக் கால் வைக்கத் திட்டி ஒன்று மேலெழும்புகிறது. ஒருவர்கூட மூழ்கவில்லை. தொலைந்தது ஒரே ஒரு குவளை, கட்டியிருந்த கயிறு இற்றுப்போனதால். அதையும் அலை கரையில் ஒதுக்கிவிட, உரியவர் அடையாளம் கண்டு எடுத்துக்கொள்கிறார். இடது பக்கத்தில் என்ன எழுதுவீர்கள்? எல்லோரும் செங்கடலை எழுதுவார்கள், யாத்திராகமம் 14. மாஸ்டர் வேண்டாமென்று தலையாட்டி யோசுவா 3ஐ எடுத்தார். அங்கே யோர்தான், அறுப்புக் காலத்தில் கரைபுரண்டு ஓடும் ஆறு. அக்கரையில் பிடிக்க வேண்டிய பட்டணம். நதியும் வெள்ளமும் பட்டணமும் பொருந்துகின்றன.

ஆனால் கதை அக்கரையில் முடியவில்லை. பாரசீக மன்னன் கிஸ்ராவின் வெறிச்சோடிய மாளிகைக்குள் நுழைந்த ஸஃத் ஓதியது, எத்தனை தோட்டங்களையும் ஊற்றுகளையும் விட்டுப்போனார்கள், அவற்றை வேறொரு கூட்டத்தாருக்கு உரிமையாக்கினோம் என்ற வசனங்களை (44:25-28). அவை ஃபிர்அவ்னின், அதாவது பைபிளின் பார்வோனின், ஆட்கள் மூழ்கிய பிறகு வருபவை. ஆக ஆறு யோசுவாவினுடையது, வசனம் மூசா நபியினுடையது. இரண்டையும் பின்னியிருக்கிறார்கள். சிவப்பு வட்டம் எங்கே? ஃபிர்அவ்னின் படை தண்ணீரில் அழிந்தது. பாரசீகர் ஒருவரும் திஜ்லாவில் மூழ்கவில்லை, அவர்கள் ஓடிப்போனார்கள். செங்கடல் கதையில் தண்ணீர் எதிரியைக் கொல்கிறது. இந்தக் கதையில் தண்ணீர் ஒரு குவளையைத் திருப்பிக் கொடுக்கிறது. மூலத்திலிருந்து எடுத்தவர் எதை விட்டுவிட்டார், எதைச் சேர்த்தார் என்பதை அந்த இற்ற கயிறு எனக்குச் சொல்லித் தருகிறது.

ஒன்றைப்போல் ஒன்று இருப்பதையெல்லாம் பைபிளிலிருந்து வந்தது என்று எழுதிவிடாதீர்கள். இந்த இடத்தில் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். புறப்பொருள் படித்தவர்களுக்கு இது இலேசாக விளங்கும். மதிலை வளைப்பது உழிஞை, காப்பது நொச்சி. புறப்படும் அரசன் குடையையும் வாளையும் நல்ல வேளை பார்த்து முன்னே அனுப்புவது ஒரு துறை. புலவர் கண்ணால் கண்டாரா என்று யாரும் கேட்பதில்லை. முற்றுகையைப் பாடினால் அந்தத் துறை வந்தாக வேண்டும். புதூஹிலும் துறைகள் இருக்கின்றன. ஜேர்மனியரான அல்பிரெக்ட் நோத் 1973இல் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். உள்ளேயிருந்து ஒருவன் வழி காட்டிக்கொடுப்பது அவற்றில் ஒன்று. பலாதுரீ சொல்லும் பலஸ்தீனத்துக் கைசாரிய்யா நகர முற்றுகையில் யூசுப் என்ற யூதர் இரவில் வந்து, இடுப்பளவு தண்ணீர் ஓடும் சுரங்கம் ஒன்றைக் காட்டுகிறார். கூலி, தனக்கும் தன் உறவினருக்கும் உயிர்ப் பாதுகாப்பு. நியாயாதிபதிகள் 1:24-25ஐத் திறந்தால் பெத்தேலிலும் அப்படியே: வழி காட்டியவனையும் அவன் குடும்பத்தையும் விட்டுவிட்டார்கள். சந்தோஷத்தில் நான் தடித்த கோடு போட்டேன். மாஸ்டர் பேனையைப் பிடித்துக்கொண்டார். “நானா, காட்டிக்கொடுத்த காக்கை வன்னியன் கதையும் இதுதானே. அதையும் பைபிள்ல இருந்து எடுத்ததெண்டு சொல்லுவீங்களா?”

பேச்சில்லை. அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். சம்பவம் மட்டும் ஒத்தால் அது துறை. சம்பவத்தோடு ஒரு வேத வசனமோ, ஒரு நபியின் பெயரோ, வேறு எங்கும் காணாத ஒரு விசித்திர விவரமோ சேர்ந்து வந்தால்தான் அதைப் பைபிளோடு இணைத்துக் கயிறு கட்டலாம். இதன்படி திஜ்லா தேறும், கைசாரிய்யா தேறாது. ஷாமின் ஹிம்ஸ் நகரம் நடுவில் தொங்குகிறது. முஸ்லிம்கள் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னதும் ஊர் அதிர்ந்து சுவர்கள் வெடித்தன, மறுபடி சொன்னதும் வீடுகளும் மதில்களும் இடிந்தன என்கிறது தபரியில் வரும் அறிவிப்பு. எரிகோ மதில் ஆர்ப்பரிப்பில் விழுந்ததை (யோசுவா 6:20) நினைக்காமல் அதை வாசிக்க முடியாது. ஆனாலும் கதைக்குள் எரிகோவின் பெயர் இல்லை, யூஷஃ இல்லை. நான் கட்டலாம் என்கிறேன், மாஸ்டர் வேண்டாம் என்கிறார். பென்சிலில் எழுதி வைத்திருக்கிறோம்.

வசனத்தை நேரடியாகக் கையிலெடுத்த இடம் காதிஸிய்யா. போருக்கு முன் ஸஃத் பேசும்போது, என் நல்லடியார்கள் பூமிக்கு உரிமையாளராவார்கள் என்று ஸபூரில் எழுதியிருக்கிறோம் என்ற ஆயத்தை (21:105) ஓதுகிறார். ஸபூர் என்றால் தாவூத் நபியின் சங்கீதம். 37ஆம் சங்கீதம் 29ஆம் வசனம் அதைத்தான் சொல்கிறது. பழைய தமிழ் பைபிளில் அந்த இடத்தில் ‘சுதந்தரித்து’ என்று வரும். பத்திரிகையில் இருந்த காலத்தில் யாரோ அனுப்பிய தேவ செய்தியில் இந்தச் சொல்லைக் கண்டு, எழுத்துப் பிழையென்று ‘சுதந்திரம்’ ஆக்கி அச்சுக்கு அனுப்பினேன். சுதந்தரிப்பது என்றால் வாரிசாகப் பெறுவது என்று பிறகுதான் தெரிந்தது. வாரிசுரிமையை விடுதலையாக்கிவிட்டேன்! படைக்கு முன்னால் நின்று ஸஃத் சொன்னதும் வாரிசுரிமையைத்தான்: இந்த நிலம் உங்கள் இறைவன் வாக்களித்தது, உங்களுக்கு வரவேண்டியது.

இனி ஜெரூசலம். இங்கே நிதானமாக நில்லுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வசனம் யாருடைய வாயில் வைக்கப்பட்டிருக்கிறது?

தபரியில் உமர் ஷாமிலுள்ள ஜாபியாவில் இருக்கும்போது டமஸ்கஸிலிருந்து வந்த யூதர் ஒருவர் ஸலாம் சொல்லி, பாரூக்கே, ஐலியாவின் உரிமையாளர் நீர்தான், அல்லாஹ் அதைத் திறக்காமல் நீர் திரும்பிப் போகமாட்டீர் என்கிறார். உள்ளே போனதும் கஃபுல் அஹ்பார். யெமன் நாட்டு யூத அறிஞர், இஸ்லாத்தைத் தழுவியவர். தொழும் இடத்தை எங்கே வைக்கலாம் என்று உமர் கேட்க, பாறையை நோக்கி வையுங்கள் என்கிறார் கஃபு. உமருக்குச் சுருக்கென்று பட்டுவிடுகிறது. கஃபே, நீ யூதர் வழக்கத்தைப் பின்பற்றுகிறாய், செருப்பைக் கழற்றியதையும் பார்த்தேன் என்கிறார். வெறுங்காலால் அந்த நிலத்தைத் தொட ஆசைப்பட்டேன் என்கிறார் கஃபு. தொழுமிடம் பாறைக்கு முன்னால் அமைகிறது, பாறை முதுகுக்குப் பின்னால் போகிறது. பிறகு உமர் தன் மேலாடையில் குப்பையை அள்ளத் தொடங்குகிறார். பாறை ரோமர் காலத்துக் குப்பைக்குள் புதைந்து கிடந்தது. அப்போது கஃபு தக்பீர் சொல்லிவிட்டு, நீங்கள் இன்று செய்வதை ஐந்நூறு வருடத்துக்கு முன் ஒரு நபி சொல்லியிருக்கிறார் என்கிறார். ஊரிஷலமே சந்தோஷப்படு, பாரூக் வந்து உன்மேல் கிடப்பதைத் துப்புரவாக்குவார் என்பது அதன் கருத்து.

மாஸ்டர் சகரியா 9:9ஐ எடுத்து உரக்க வாசித்தார். சீயோன் குமாரத்தியே, மிகவும் களிகூரு. எருசலேம் குமாரத்தியே, கெம்பீரி. இதோ உன் ராஜா கழுதைமேல் வருகிறார் என்று அது தொடரும். ‘கெம்பீரி’ எவ்வளவு நல்ல சொல், இப்போது யாரும் எழுதுவதில்லை. இடது பக்கம் அது, வலது பக்கம் கஃபு. விளிக்கும் விதம் ஒன்று, ஊர் ஒன்று, வருகிறவர் மாறுகிறார். ராஜா வருகிறார் என்ற இடத்தில் துப்புரவாக்குபவர் வருகிறார். கழுதை தொலைந்துவிட்டதா? இல்லை. உமர் ஷாமுக்கு நான்கு முறை புறப்பட்டதைத் தபரி கணக்குச் சொல்கிறார்: முதலில் குதிரையில், பிறகு ஒட்டகத்தில், மூன்றாம் முறை கொள்ளைநோயால் பாதியில் திரும்பினார், நான்காம் முறை கழுதையில். கழுதை வேறு பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது! யாரும் அதைச் சகரியாவோடு கட்டவில்லை. கணக்குப்படி நானும் கட்டக்கூடாது. கை துறுதுறுக்கிறது.

பாரூக் என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். அறபியில் சத்தியத்தையும் அசத்தியத்தையும் பிரிப்பவர். றஸூலுல்லாஹ்வே சூட்டிய பெயர் என்று ஓர் அறிவிப்பு உண்டு. வேதக்காரர்கள்தான் முதலில் உமரை அப்படி அழைத்தார்கள், முஸ்லிம்கள் அவர்களிடமிருந்து எடுத்தார்கள் என்று இப்னு ஷிஹாப் அஸ்-ஸுஹ்ரியின் அறிவிப்பும் உண்டு. அங்குள்ள கிறிஸ்தவர் பேசிய சுரியானியில் ‘பாரோக்கா’ என்றால் மீட்பர். இரண்டு அறிவிப்பையும் எழுதுங்கள், ஒன்றை அடித்துவிடாதீர்கள்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வசனத்தைச் சொல்பவர் ஒரு யூதர், யூதராயிருந்து முஸ்லிமானவர், ஒரு ரோமத் தளபதி. உமர் தன் வாயால் ஒரு தீர்க்கதரிசனமும் சொல்லவில்லை. வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சி எங்கள் பக்கம் பேசினால் எவ்வளவு பலம்! புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அதே கதையில் உமர் கஃபை அதட்டுகிறார். சாட்சியம் வேண்டும், சாட்சிக்காரர் சொல்லும் கிப்லா, அதாவது தொழும் திசை, வேண்டாம். பைபிள் மரபை இந்த இலக்கியம் கையாளும் விதம் முழுவதும் அந்தச் செருப்புச் சம்பவத்துக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம். மௌலவித் தம்பி, நானா கூடுதலாக வாசிக்கிறீங்க என்கிறார். இருக்கலாம்.

உமர் தேவாலயத்துக்குள் தொழ மறுத்த கதையைச் சொல்லாமல் போனால் பேத்தி விடமாட்டாள். நான் உள்ளே தொழுதால் பின்னால் வருபவர்கள் அதைப் பள்ளிவாசலாக்கிவிடுவார்கள் என்று வெளிப்படியில் தொழுதார். மீலாத் மேடைகளில் இதைக் கேட்காதவர் யார்? வருடங்களுக்கு முன் ஒரு விசேட மலரில் ‘தபரி கூறுகிறார்’ என்று இந்தக் கதை வந்தது. பார்த்து அனுப்பியவன் நான். ஒரு வாசகர் எழுதிக் கேட்டார்: தபரியில் எந்த இடத்தில்? தேடினேன், இல்லை. எழுதியவர் அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவ முதுபிதா ஸயீத் இப்னு பித்ரீக், 940இல் இறந்தவர். எங்கள் மேடைக்குரிய கதையை எங்களுக்குப் பாதுகாத்துத் தந்தவர் ஒரு பிஷப். அவருடைய நூலில் பாறையைக் காட்டிக்கொடுப்பது கஃபு அல்ல, ஜெரூசலத்தின் முதுபிதா சொஃப்ரோனியஸ். யாக்கோபோடு ஆண்டவர் பேசிய இடம், வானத்தின் வாசல் என்று ஆதியாகமம் 28ஐச் சொல்லிக் காட்டுகிறார். ஒரே காட்சி, வசனம் சொல்பவர் மாறிவிட்டார். கொப்பியில் மூன்றாவதாக ஒரு நிரல் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மூன்றாம் நிரலுக்குத் தேவையான மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 660களில் எழுதப்பட்ட செபெயோஸின் ஆர்மீனிய வரலாறு, தானியேல் 7இன் நான்காம் மிருகம் இஸ்மவேலரின், அதாவது அறபிகளின், அரசு என்கிறது. அதே நூல், ஆபிரகாமுக்கு ஆண்டவர் வாக்களித்த நிலத்தைப் போய் எடுங்கள் என்று அவர்களுக்குப் போதிக்கப்பட்டதாகவும் சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கிரேக்கரான தியோபானஸின் கணக்கில், உமர் உள்ளே வந்ததைக் கண்ட சொஃப்ரோனியஸ், தானியேல் சொன்ன பாழாக்கும் அருவருப்பு இதுதான் என்று அழுகிறார். ஒரே மனிதர் நகரத்துக்குள் வருவதைப் பார்த்து ஒரு கை சகரியாவைப் புரட்டுகிறது, மறு கை தானியேலை.

தானியேலுக்கு வந்திருந்த நேரத்தில்தான் எங்கள் சனிக்கிழமை நின்றுபோனது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் நடந்த நாள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் மாஸ்டர் வீட்டிலிருந்து தூரமில்லை. அந்தப் பக்கம் போக என் கால் கூசியது. போய் என்ன சொல்வது, எந்த முகத்தோடு அந்த விறாந்தையில் இருப்பது? மாதக்கணக்காகப் போகவில்லை. கடைசியில் மாஸ்டர்தான் போன் எடுத்தார். “நானா, தானியேல் பாதியில நிக்குது.” போனேன். மாஸ்டர் வீட்டு டீச்சர் இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். கொப்பியைத் திறந்தோம்.

ஸூஸ் என்பது பைபிளின் சூசான். தானியேல் 8:2இல் அவர் தரிசனம் காண்பது அங்கே, ஊலாய் ஆற்றங்கரையில். தபரியில் அந்த ஊரை முஸ்லிம்கள் வளைத்திருக்கும்போது துறவிகள் மதில்மேல் நின்று கேலி பண்ணுகிறார்கள்: கடைசிக் காலத்தில் வரும் பொய்யனான தஜ்ஜால், அல்லது தஜ்ஜால் உள்ள படைதான் இதைப் பிடிக்கும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் வீணாக நிற்கவேண்டாம். படையில் இப்னு ஸய்யாத் இருந்தார். இவர்தான் தஜ்ஜாலோ என்று மதீனாவிலேயே சந்தேகிக்கப்பட்டவர், ஹதீஸ்களில் வருபவர். கோபத்தில் கதவைக் காலால் உதைத்து, திற என்கிறார். சங்கிலி அறுகிறது, பூட்டு உடைகிறது, கதவு திறக்கிறது. துறவிகள் சொன்னது பலித்துவிட்டதே! பலித்ததென்றால் படைக்குள் இருந்தது யார்? கதை பதில் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. தங்கள் வெற்றியைப் புகழ மட்டும் வேதக் கதைகளை எடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தங்களுக்கே இடக்கான ஒன்றையும் அவர்கள் எழுதி வைத்தார்கள்.

உள்ளே ஓர் உடல். ஊர்க்காரர்கள் இது தானியால் என்கிறார்கள். பலாதுரீயின்படி, மழை இல்லாத காலத்தில் பாபிலோனியரிடம் கேட்டு வாங்கி வந்து வைத்துக்கொண்டது. தெவட்டகஹ பள்ளிவாசல் ஸியாரத்துக்கு எல்லாச் சமயத்தாரும் வந்து போவதைப் பார்த்த கொழும்பாருக்கு இது விநோதமாகத் தெரியாது. மோதிரத்தில் இரண்டு சிங்கங்களுக்கு நடுவே ஒரு மனிதன்; இடது பக்கத்தில் தானியேல் 6, சிங்கக் கெபி. விசித்திர விவரம், நபியின் பெயர் இரண்டும் இருக்கின்றன, கயிறு கட்டலாம். தலைமாட்டில் ஒரு புத்தகம் இருந்ததாக இன்னோர் அறிவிப்பு. அதை உமரிடம் அனுப்ப, அவர் கஃபை அழைத்து அறபியில் எழுதச் சொன்னார். மறுபடியும் கஃபு!

உடலை என்ன செய்தார்கள்? புதைக்கச் சொன்னார் உமர். படைத் தலைவர் அபூ மூஸா அல்-அஷ்அரீ ஆற்றை மறித்து, காய்ந்த படுகையில் அடக்கம் பண்ணி, மேலே தண்ணீரைத் திறந்துவிட்டார் என்கிறார் பலாதுரீ. பகலில் பதின்மூன்று குழி தோண்டி, இரவில் ஒன்றில் அடக்கி, எல்லாவற்றையும் சமப்படுத்தினோம், எதில் என்று யாருக்கும் தெரியாமலிருக்க, என்கிறார் அபுல் ஆலியா என்ற அறிவிப்பாளர். ஊலாய்க் கரையில் நின்றவர் ஆற்றுக்கடியில் போனார். புத்தகம் மதீனாவுக்கு, உடல் மண்ணுக்கு. மாஸ்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மரியாதையாத்தான் செய்திருக்கிறாங்க” என்றார். ஈரானின் ஷூஷ் நகரத்தில் தானியேலின் கல்லறை என்று இன்றைக்கும் ஒன்று இருக்கிறது, ஆட்கள் போகிறார்கள்.

அறிவிப்பாளர் வரிசையையும் பார்க்க வேண்டும். மௌலவித் தம்பி இதை முதலிலேயே எழுதச் சொன்னார், நான் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். தபரியில் ஒவ்வொரு கதைக்கும் முன்னால் யார் யாருக்குச் சொன்னார் என்று இருக்கும். அதைத் தாண்டிப் போகாதீர்கள். பெயர்களைக் கொப்பியின் ஓரத்தில் குறியுங்கள். நான் மேலே சொன்னவற்றில் பல ஸைஃப் இப்னு உமர் என்பவர் வழியாக வருபவை. ஹதீஸ் கலை அறிஞர்கள் அவரைப் பலவீனமானவர் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். கதை சொல்வதில் அவரை வெல்ல ஆளில்லை என்பது வேறு விஷயம். தபரியே முன்னுரையில், கேட்டதைக் கேட்டபடி தருகிறேன், அருவருப்பாக ஏதும் இருந்தால் அது என்னிடமிருந்து வந்ததல்ல, எனக்குச் சொன்னவர்களிடமிருந்து வந்தது என்று எழுதிவிட்டார். நல்ல ஒப்புநோக்குநர் அவர்.

தனியாகச் செய்து பழக எகிப்தை எடுங்கள். நீங்கள் எகிப்தைத் திறப்பீர்கள், அந்த மக்களை நல்லபடி நடத்துங்கள், அவர்களோடு உறவு இருக்கிறது என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உண்டு. இப்னு அப்தில் ஹகமும் இந்த உபதேசத்தைப் பேணி வைத்திருக்கிறார். என்ன உறவு என்றால் இஸ்மாயீல் நபியின் தாய் ஹாஜரா அந்த நாட்டவர் என்பார்கள். குர்ஆனைப் புரட்டிப் பாருங்கள், ஹாஜரா என்ற பெயரே அங்கே இல்லை, எகிப்துக்காரி என்ற விவரமும் இல்லை. இடது பக்கத்தில் ஆதியாகமம் 16ஐயும் 21ஐயும் கையால் எழுதுங்கள். சிவப்புப் பேனையை முதல் வசனத்திலேயே எடுக்க வேண்டிவரும்.